எண்ணும் பொருளும்: துவெயிற்ஸின் தாவர எண்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என இருவகைப்படுத்திக் காட்டினர் தமிழ் இலக்கண நூலார். யாதானுமொரு காரணம் பற்றி வருவது காரணப்பெயர். காரணம் கருதாது, முன்னோர் இட்டு வழங்கிய குறியாய் நிற்பது இடுகுறிப்பெயர். மாணவர் இதனை இளமையிலே கற்றுத் தேர்வெழுதியபின் மறந்துவிடுதல் வழக்கம். ஆயின், இன்றைய மருத்துவ ஆராய்ச்சி உலகில் எழுந்துள்ள பெரியதொரு சிக்கலை விளங்கிக்கொள்வதற்கு இப்பழைய பாகுபாடு பெரிதும் துணைசெய்கின்றது. ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட பொருள் இன்னதென ஐயமறச் சுட்டுவது எங்ஙனம் என்பதே அச்சிக்கல். பெயராற் சுட்டுவதா, எண்ணாற் சுட்டுவதா? எண்ணாற் சுட்டுவதாயின், அவ்வெண் எதனைக் குறித்து நிற்றல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடைதேடி மேனாட்டு ஆய்வுகூடங்களுக்கு மட்டும் செல்லவேண்டுவதில்லை. கண்டி நகரிலிருந்து ஏறக்குறைய நான்கு மைல் தொலைவில், மகாவலி கங்கை வளைந்து சூழ்ந்தோடும் பேராதனைப் பூங்காவிலே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வினா உலர்ந்த தாள்களின் உருவிற் கிடக்கின்றது.

ஒரு சொல் பல பொருளைக் குறித்தலும், ஒரு பொருள் பல சொல்லாற் குறிக்கப்படுதலும் மொழியின் இயல்பு. இவ்வியல்பை உணர்ந்தே நிகண்டு நூலார் அவற்றை வெவ்வேறு தொகுதிகளாக வகுத்தனர். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு மரங்களின் பெயர்களுக்கு ஒரு தொகுதியும், ஒருசொற் பல்பொருட்கு மற்றொரு தொகுதியும் உடையது. புலவனுக்கு இவ்வியல்பு பெருஞ்செல்வம். சிலேடைக்கும் மடக்குக்கும் அதுவே இடமளிக்கின்றது. மருத்துவனுக்கோ அது பேரிடர். புலவன் ஒரு சொல்லில் இரு பொருள் காணின் அவை மகிழும். மருத்துவன் ஒரு பெயரில் இரு மூலிகை காணின் நோயாளி வருந்துவான்.

கண்டிப் பகுதியிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தாகச் சிங்கள வைத்தியர் பிங்கொஹொம்ப எனும் மூலிகையைப் போற்றுவர். கொஹொம்ப என்பது வேம்பு. முன்னுள்ள சொல் நிலத்தைக் குறிப்பது. ஆகவே பிங்கொஹொம்ப என்பதைத் தமிழாக்கினால் நிலவேம்பு என்றே வரும். தமிழ் வைத்தியரும் காய்ச்சலுக்கு நிலவேம்பையே கொடுப்பர். பெயரும் ஒன்று, சுவையும் கைப்பு, தீர்க்கும் நோயும் காய்ச்சல். ஆனால் மூலிகை ஒன்றன்று. பிங்கொஹொம்ப என்பது முன்ரோனியா பின்னாற்றா எனும் சிறு செடி, காட்டு நிழலில் வளர்வது, கிடைத்தற்கரியது, வேம்பின் குடும்பத்தையே சேர்ந்தது. தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீருக்குப் பயன்படுவது அன்றோகிராபிசு பானிக்குலாற்றா, எளிதிற் பயிராவது, ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிங்கள வைத்தியர் இதனை ஹீன் பிங்கொஹொம்ப என வேறாகவே வழங்குவர். எனினும் முன்னது அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருத்தலால், சந்தையில் பின்னது முன்னதற்கு ஈடாக விற்கப்படுவதுண்டு. காரணப்பெயர் இரண்டும் ஒரே காரணத்தைக் கூறுகின்றன, பொருளோ இரண்டு. ஓர் ஆய்வாளர் தம் கட்டுரையில் நிலவேம்பின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்ததாக மட்டும் எழுதிவிடின், அவர் கொடுத்தது யாது என்பதை எவரும் அறியார்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்கு பெல்சிய நாட்டின் தலைநகரான பிரசெல்சில் நிகழ்ந்த கொடுமை சான்று. 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் உடல் மெலிவதற்கான மருத்துவம் ஒன்று அங்கு நடைபெற்றது. அம்மருந்திற் சேர்க்கப்படவேண்டியது ஸ்ரெபானியா தெற்றந்திரா எனும் சீன மூலிகை. சேர்ந்ததோ அரிஸ்தொலோக்கியா ஃபாங்சி எனும் பிறிதொன்று. சீன மொழியில் இரண்டுக்கும் ஃபாங் ஜி எனும் பெயர் பொதுவாய் நின்றமையே அம்மயக்கத்துக்கு வழியாயிற்று. பின்னதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தை அழிப்பது. 1993இல் மருத்துவர்கள் இந்நோயை முதன்முதலாக எடுத்துரைத்தனர். நாளடைவில் நூற்றுக்கு மேற்பட்டோர் இதனாற் பாதிக்கப்பட்டமை தெரியவந்தது. பலர் சிறுநீரகத்தை இழந்தனர்; சிலர்க்குப் புற்றுநோயும் உண்டாயிற்று. ஒரு பெயர் இரு பொருளைச் சுட்டியதனால் விளைந்த கேடு இஃது.

இத்தகைய மயக்கத்தை நீக்கவே தாவர நூலார் இருசொற் பெயர்முறையை மேற்கொண்டனர் என்பர். அது பெரும்பான்மையும் உண்மையே. ஆயினும் அப்பெயரும் நிலையானதன்று. மேலே கூறிய பிங்கொஹொம்பவையே நோக்கலாம். முன்பு முன்ரோனியா பூமிலா எனப் பெயர்பெற்றிருந்த அச்செடி, ஆராய்ச்சி வளர்ந்தபின் முன்ரோனியா பின்னாற்றாவினுள் அடக்கப்பட்டது. இலத்தீன் பெயரென்பது ஓர் அறிஞர் செய்த தீர்ப்பு. புதிய சான்று கிடைத்தவழித் தீர்ப்பு மாறும். மாறுவதே அறிவியலுக்கு அழகு. ஆனால் தீர்ப்பு மாறும்போதெல்லாம் வழக்குக்குரிய பொருளும் கைதவறிப் போகுமாயின், அது பெருங்குறை. ஆகவே, தீர்ப்பு எதுவாயினும் பொருளை விடாது பற்றிநிற்கும் குறியொன்று வேண்டும். அக்குறி காரணம் எதனையும் கூறாத வெறும் இடுகுறியாய் இருத்தல் நலம். எண்ணைக் காட்டிலும் சிறந்த இடுகுறி வேறில்லை.

இலங்கைத் தாவரங்கள் எண்ணாற் சுட்டப்பட்ட வரலாறு துவெயிற்ஸுக்கு முன்னரே தொடங்கிற்று. ஒல்லாந்தக் கொம்பனியின் மருத்துவராய் 1670களில் இங்கு வாழ்ந்த பவுல் ஹேர்மன் இந்நாட்டுச் செடிகளை உலர்த்தித் தொகுத்தார். அத்தொகுதி பல கைமாறி லின்னேயசிடம் சென்றது. இலங்கையைக் கண்டறியாத லின்னேயசு அத்தொகுதியைக்கொண்டே 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இருசொற் பெயர்களை அவர் தாவரங்கள் அனைத்துக்கும் இட்டது 1753இலேயாதலின், முந்திய நூலில் ஒவ்வோர் இனத்தையும் ஓர் எண்ணாற் குறித்தார். ஹேர்மனின் தாள்களிலும் அவ்வெண்கள் எழுதப்பட்டன. பிந்திய நூலிலும் அவ்வெண்களை எடுத்தாண்டார். இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலுள்ள அத்தாள்களை ஆராய்வோர், ஒரு பெயர் எச்செடியைக் கண்டு இடப்பட்டதென அறிவது அவ்வெண்களின் துணையாலேயே. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வழி அடைபடவில்லை.

பேராதனைப் பூங்கா 1821இல் அலெக்சாந்தர் மூன் என்பாரால் நிறுவப்பட்டது. 1844 முதல் அதனை மேற்பார்வை செய்த ஜோர்ஜ் கார்டினர் 1849இல் நுவரெலியாவிற் காலமானார். அவரை அடுத்து அதே ஆண்டிற் பொறுப்பேற்ற துவெயிற்ஸ் முப்பது ஆண்டுகள் அங்கே தொண்டாற்றி, 1882இல் கண்டியிலேயே இறந்தார். அவர் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இலங்கைத் தாவர அட்டவணையே அவருக்கு அழியாப் புகழ் தந்தது. கியூ பூங்காவைச் சேர்ந்த ஜோசெப் ஹூக்கர் அந்நூலாக்கத்தில் அவருக்கு உதவினார். அந்நூலிலே தாவரங்களை விளக்குமிடத்துச் சி.பி. எனும் குறியும் ஓர் எண்ணும் காணப்படும். சி.பி. என்பது இலங்கைத் தாவரம் எனப் பொருள்படும் இரு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து. துவெயிற்ஸ் தம்மிடமிருந்த உலர்ந்த மாதிரிகளுக்கு எண்ணிட்டு, அவற்றின் படிகளை கியூ, இலண்டன், பாரிஸ், ஜெனீவா, பேர்லின் முதலிய இடங்களுக்கு அனுப்பினார். எண்கள் நாலாயிரத்தை எட்டின.

இம்முறையின் சிறப்பை முதலிற் கூறுதல் முறை. துவெயிற்ஸ் எண்ணை நூலில் அச்சிட்டார். அதே எண்ணைத் தாளில் இட்டார். அத்தாளின் படிகளை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். நூலைப் படிக்கும் ஒருவர், ஆசிரியர் எச்செடியைக் கண்டு இதனை எழுதினார் என ஐயுறின், எண்ணைப் பற்றிச் சென்று செடியையே காணலாம். ஆசிரியரின் சொல்லை நம்பவேண்டுவதில்லை. அவர் கண்டதைத் தாமும் கண்டு உடன்படலாம், மறுக்கலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இத்துணைத் திண்ணிய பாலமொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, நீராவிக் கப்பலில் அஞ்சல் சென்ற காலத்திலே, பேராதனையிலிருந்து அமைத்தமை பெருஞ்செயலே. அவருக்குப்பின் பணிப்பாளராக வந்த ஹென்றி திரைமன், 1893 முதல் வெளிவந்த தம் இலங்கைத் தாவரக் கைந்நூலில் சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் தந்ததோடு சி.பி. எண்களையும் எடுத்தாண்டார். அவர் 1896இல் இறந்தபின் ஹூக்கர் அந்நூலை 1900இல் நிறைவுசெய்தார். 1980 முதல் வெளிவந்த அந்நூலின் திருந்திய பதிப்பிலும் அவ்வெண்கள் இடம்பெறுகின்றன. ஆசிரியர் மாறினர், பெயர்கள் மாறின, ஆட்சியும் மாறிற்று. எண்கள் மட்டும் மாறவில்லை.

இனி, குறையைக் கூறாதுவிடின் மதிப்பீடு ஒருபக்கச் சார்பாய் முடியும். சி.பி. எண் எதனைச் சுட்டுகின்றது என வினாவும்போதே குறை வெளிப்படுகின்றது. ஒருவர் ஒருநாள் ஓரிடத்திற் பறித்த செடியை அது சுட்டவில்லை. துவெயிற்ஸ் ஓரினம் எனக் கருதியவற்றையெல்லாம் சேர்த்துச் சுட்டுகின்றது. கார்டினர் முன்னர்ப் பறித்ததும், துவெயிற்ஸ் பின்னர்ப் பறித்ததும், அவரின்கீழ்ப் பணிபுரிந்தோர் வேறு மலைகளிலிருந்து கொணர்ந்ததும் ஒரே இனமென அவருக்குத் தோன்றின், அவையனைத்தும் ஒரே எண்ணைப் பெற்றன. பேராதனைத் தாள்கள் சிலவற்றில் ஓரெண்ணின்கீழ் வெவ்வேறு ஊர்களின் பெயர்களும் வெவ்வேறு ஆண்டுகளும் ஒருங்கே எழுதப்பட்டிருத்தலைக் காணலாம். வெளிநாடுகளுக்குச் சென்ற படிகள் பலவற்றில் எண்ணையன்றி இடமும் நாளும் இல்லை. ஆகவே கியூவிலுள்ள ஒரு தாளும் பாரிசிலுள்ள ஒரு தாளும் ஒரே எண்ணைத் தாங்கினும், அவை ஒரே செடியின் கிளைகள் எனத் துணிதற்கில்லை. ஒன்று மழைக்காட்டிலும் மற்றொன்று வறண்ட காட்டிலும் பறிக்கப்பட்டதாயும் இருக்கலாம்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. துவெயிற்ஸ் ஓரினமென எண்ணியதை, பின்வந்த அறிஞர் ஒருவர் ஈரினமெனக் கண்டால், அவ்வெண் இரண்டுள் எதனைச் சேரும்? தாவரப் பெயரீட்டு விதிகளின்படி, ஓரினத்தின் பெயர் ஒரு மாதிரியோடு பிணைக்கப்படல் வேண்டும்; 1958ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, புதிய இனத்துக்குப் பெயரிடுவோர் அம்மாதிரி எதுவென்பதைக் கட்டாயமாகக் கூறுதல் வேண்டும். சி.பி. எண்ணை மட்டும் கூறிச்சென்ற பழைய நூல்களை இவ்விதிக்கு இயைவிக்கப் புகுவோர், அவ்வெண்ணின்கீழுள்ள பல தாள்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதுவே மூலமெனத் தீர்மானிக்கவேண்டியவராகின்றனர். எண் பொருளைச் சுட்டாது, பொருளைப்பற்றிய கருத்தைச் சுட்டியமையே இதற்கெல்லாம் காரணம். இலக்கண நூலார் மொழியிற் கூறின், இடுகுறியாய் இருக்கவேண்டியது காரணக்குறியாய் மாறிற்று. கருத்தைத் தாங்கிய எண், கருத்து முறிந்தபோது தானும் முறிந்தது.

துவெயிற்ஸுக்காக வழக்குரைப்போர் இரண்டு கூறலாம். படிகளைப் பகிர்ந்தளிக்க வசதியாகவே அவர் எண்ணிட்டார், பிற்காலத்தார் மேற்கோளாட்சிக்காகவன்று என்பது ஒன்று. அக்காலத்தில் அறிஞர் பலரும் அவ்வாறே செய்தனர் என்பது மற்றொன்று. இரண்டும் ஏற்கத்தக்கனவே. ஆயின், அச்சேறிய எண் ஆக்கியோனின் நோக்கத்துக்கு அடங்கி நிற்பதில்லை. நூலில் ஒருமுறை இடம்பெற்ற எண்ணைப் பின்வருவோர் எடுத்தாளவே செய்வர். எண்ணிடுவோர் தம் காலத்துத் தேவையை மட்டும் கருதாது, தம்மை அறியாத ஒருவர் நூறாண்டின் பின் அவ்வெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்து வாயிலில் நிற்பார் என்பதையும் கருதல் வேண்டும். குற்றம் துவெயிற்ஸ்மேல் இல்லை, பாடம் இருக்கின்றது.

எண் தனியே நின்று பயன்படாது, அதற்குரிய பேரேடும் வேண்டும் என்பதைத் தமிழ் மாணவர் திருக்குறளிலிருந்தே அறியலாம். குறளை எண்ணாற் சுட்டும் வழக்கம் இன்று எங்கும் உளது. அவ்வெண்கள் பரிமேலழகர் கொண்ட வரிசையைத் தழுவியன. மணக்குடவர் உரையில் அதிகாரத்தினுள் குறள்கள் நிற்கும் முறை பலவிடத்து வேறு. எந்த வரிசையைக் கொண்டு எண்ணிடப்பட்டதென்பது யாவர்க்கும் உடன்பாடாயிருத்தலாலேயே எண் கூறியவுடன் குறள் தோன்றுகின்றது. உரைகள் எத்துணை வேறுபடினும் எண் குழப்பத்தைத் தருவதில்லை. ஏனெனில் அது பாட்டைச் சுட்டுகின்றதேயன்றிப் பாட்டின் பொருளைச் சுட்டவில்லை.

இவ்வளவும் மனத்திற்கொண்டு, இன்றைய மருத்துவ ஆராய்ச்சியாளர் மேற்கொண்டுள்ள முயற்சியை நோக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளுக்கு 2000ஆம் ஆண்டு முதல் டி.ஓ.ஐ. எனும் நிலையெண் வழங்கப்பட்டு வருகின்றது. ஒருமுறை இட்டபின் மாற்றப்படாமலும், பிறிதொன்றுக்கு வழங்கப்படாமலும் இருப்பதே நிலையெண். ஆகவே ஒரு கட்டுரை மற்றொரு கட்டுரையைச் சுட்டுவதில் இடர் பெரிதும் நீங்கிற்று. ஆனால் அக்கட்டுரைகள் எப்பொருள்களைக்கொண்டு ஆராய்ந்தன என்பதைச் சுட்டுவதில் ஒழுங்கு இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் நிக்கோல் வசிலெவ்ஸ்கியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளரும் 238 கட்டுரைகளை எடுத்து ஆராய்ந்தனர். நோய்க்கிருமி முதலியவற்றை எதிர்க்க உடல் ஆக்கும் பிறபொருளெதிரிகள், ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் உயிர்க்கல வழிகள், எலி முதலிய ஆய்வு விலங்குகள் ஆகியவற்றை அக்கட்டுரைகள் எவ்வாறு குறித்துள்ளன என்பதே அவர்களின் ஆராய்ச்சி. குறிக்கப்பட்ட பொருள்களுள் 54 விழுக்காடு இன்னதெனத் தனித்தறிய இயலாதவாறே இருந்தன. இதழின் பெருமையோ சிறுமையோ இதில் வேறுபாட்டை உண்டாக்கவில்லை. பாதிக்கு மேற்பட்ட பொருள்களை மீட்டுங் காணமுடியாதெனின், அவ்வாராய்ச்சிகளை மீட்டுஞ் செய்துபார்ப்பது எங்ஙனம்?

இக்குறையைப் போக்கவே 2014இல், ஆர்.ஆர்.ஐ.டி. எனப்படும் ஆராய்ச்சி வள எண்முறை ஆய்விதழ்கள் சிலவற்றின் கூட்டு முயற்சியால் நடைமுறைக்கு வந்தது. ஆராய்ச்சியிற் பயன்பட்ட பிறபொருளெதிரி, கலவழி, விலங்கு, கணிப்பொறி நிரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓரெண் உண்டு. ஆய்வாளர் அவ்வெண்ணைத் தம் கட்டுரையில் எழுதுகின்றார். விற்ற நிறுவனம் மறைந்தாலும், பொருளின் வணிகப்பெயர் மாறினாலும் எண் மாறுவதில்லை. பிற்காலத்தில் அப்பொருளில் பழுது காணப்படின், அதனைப் பயன்படுத்திய கட்டுரைகள் அனைத்தையும் அவ்வெண்ணைக்கொண்டே திரட்டிவிடலாம்.

இம்முறை சிறப்பாய்ப் பயன்படும் இடம் கலவழியே. 1951இல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஹென்றியேற்றா லாக்ஸ் எனும் பெண்மணியின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயினின்று எடுக்கப்பட்ட உயிர்க்கலங்கள் ஹீலா எனும் பெயரால் உலகெங்கும் பரவின. வேகமாய்ப் பெருகும் அவை பிற கலவழிகளுள்ளும் புகுந்து அவற்றை அழித்துத் தாமே அவற்றின் பெயரில் வாழ்ந்தன. 1966இல் ஸ்ரான்லி காட்லர் இதனை எடுத்துக்காட்டினார். சாங் கல்லீரல் எனப் பெயர்பெற்ற கலவழி கல்லீரலே அன்று. அதுவும் ஹீலாவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. கல்லீரலை ஆராய்ந்ததாக எண்ணியோர் உண்மையில் புற்றுநோய்க் கலத்தையே ஆராய்ந்திருந்தனர். இன்று சுவிற்சர்லாந்திற் பேணப்படும் செல்லோசோரஸ் எனும் கலவழிப் பேரேடு ஒவ்வொரு கலவழிக்கும் ஓரெண் தருகின்றது. ஹீலாவின் எண் சி.வி.சி.எல். 0030. பெயரால் ஏமாற்றும் கலவழிகளுக்கும் அங்கே எண் உண்டு. அவ்வெண்ணின்கீழ் அதன் உண்மை எழுதப்பட்டுள்ளது. கருத்து மாறியபோது எண்ணை மாற்றாது பேரேட்டின் குறிப்பை மட்டும் திருத்தினர். துவெயிற்ஸின் முறையில் இல்லாதது இதுவே. இங்கு எண் பொருளைப் பற்றிநிற்கின்றது. கருத்து பேரேட்டில் மாறிக்கொண்டேயிருக்கின்றது.

ஆயினும் புதிய முறையிலும் பழைய குறை முற்றும் நீங்கவில்லை. பிறபொருளெதிரிக்கு வழங்கப்படும் எண், நிறுவனம் விற்கும் பண்டத்தைச் சுட்டுவதேயன்றி ஆய்வாளர் கையிலிருந்த குறித்த குப்பியைச் சுட்டுவதன்று. பிறபொருளெதிரிகளுள் ஒருவகை, முயல், ஆடு முதலிய விலங்குகளின் குருதியினின்று எடுக்கப்படுவது. ஒரு விலங்கு இறந்தபின் மற்றொன்றின் குருதியினின்று எடுக்கின்றனர். பண்டத்தின் எண் முன்போன்றதே. உள்ளிருப்பது முழுதும் முன்போன்றதன்று. ஒருமுறை எடுத்த தொகுதிக்குத் தொகுதியெண் எனத் தனியெண் உண்டு. அதனையும் சேர்த்தெழுதாதவர், சி.பி. எண்ணை மட்டும் எழுதி இடத்தையும் நாளையும் விட்டவரைப் போல்வர். நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் கருவிகள் மாறின. தவறு மட்டும் ஒருபடித்தாய் நிற்கின்றது. ஒத்தவை எனக் கருதப்படுவனவற்றுக்கு ஓரெண் இடுவது எளிது. இதுவே அது எனச் சுட்டி எண்ணிடுவது அரிது. அரியதைச் செய்தாலன்றி எண்ணால் பயனில்லை.

அரியதைச் செய்யும் இடமொன்றும் பேராதனையின் அருகிலேயே உண்டு. பூங்காவுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் அமைந்தது கன்னொறுவை. அங்குள்ள பயிர் மரபுவள நிலையம் நெல்லும் பயறும் பிறவுமாகிய இந்நாட்டு விதைகளைக் குளிரறைகளிற் பாதுகாக்கின்றது. இத்தகைய விதைச் சேமகங்களில் ஓரெண் என்பது ஓரிடத்திலிருந்து ஒருமுறை பெறப்பட்ட ஒரு விதைத்தொகுதியைச் சுட்டுவது. ஒரே பெயருடைய நெல் இரண்டு ஊர்களிலிருந்து வரின் ஈரெண் பெறும். இரண்டும் ஒன்றெனப் பின்னர் ஆராய்ந்து கூறலாம். அதற்காக எண்கள் ஒன்றாக்கப்படுவதில்லை. ஆற்றின் இக்கரையில் துவெயிற்ஸ் விட்ட குறையை அக்கரையில் நிறைவுசெய்திருக்கின்றனர் எனக் கூறுதல் மிகையாகாது.

மூலிகை ஆராய்ச்சிக்கு இதனினும் உடனடித் தேவை உண்டு. பேராதனையில் 1962 முதல் மருத்துவ பீடம் இயங்கிவருகின்றது. மூலிகைகளின் குணங்களை ஆராய்வோரும் இந்நாட்டிற் பலர். அவர்கள் எழுதும் கட்டுரைகளில், கண்டிச் சந்தையில் வாங்கிய மூலிகை என்றோ, பேர்பெற்ற வைத்தியர் ஒருவர் தந்தது என்றோ எழுதினாற் போதாது. இலத்தீன் பெயரும் போதாது. ஆராய்ந்த செடியின் ஒரு கிளையை உலர்த்தி, பறித்த இடமும் நாளும் பறித்தவர் பெயரும் எழுதி, பேராதனை உலர்தாவரச் சாலையில் ஒப்படைத்து, அங்குப் பெற்ற எண்ணைக் கட்டுரையில் குறித்தல் வேண்டும். உலகெங்கும் பி.டி.ஏ. எனும் மூவெழுத்தால் அறியப்படுவது அச்சாலை. அவ்வெழுத்தும் எண்ணும் சேர்ந்துவிடின், ஆராயப்பட்டது பிங்கொஹொம்பவா, நிலவேம்பா என்பதைத் தோக்கியோவில் இருப்பவரும் கேட்டறியலாம். பெயர் நாளை மாறினும் கிளை மாறாது. ஆய்வாளர் தாமே தவறியிருப்பினும், அத்தவற்றைக் கண்டுபிடிக்கும் வழியை அவரே திறந்துவைத்தவராவார். இதைவிடச் சிறந்த நேர்மை ஆராய்ச்சிக்கு இல்லை.

இது பொருட்செலவு மிக்க செயலுமன்று. இரு பழைய பத்திரிகைத் தாள், ஒரு பலகை, நூல்கயிறு, நாளும் இடமும் எழுத ஒரு பென்சில் ஆகியன போதும். வேண்டுவது பழக்கம் ஒன்றே. ஹந்தானை மலைச்சரிவில் ஒரு செடியைப் பறித்து உலர்த்தி எண்ணிட்டு வைக்கும் பள்ளி மாணவன், தாவரவியலின் முதற்பாடத்தை மட்டும் கற்கவில்லை. சொன்னதற்குச் சான்று காட்டும் கடப்பாட்டையும் கற்கின்றான்.

பெயர் அறிவுக்கு இன்றியமையாதது. பெயரின்றி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் சிந்திக்க இயலாது. நிலவேம்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நாவில் கைப்புத் தோன்றுவதுபோல் ஓரெண்ணைக் கேட்டுத் தோன்றாது. ஆயின் பெயர் பொருளைப்பற்றிப் பேசுவதற்கு உரியது. எண் பொருளைக் கையிற் பிடித்துக் காட்டுவதற்கு உரியது. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யப் புகும்போதே இடர் விளைகின்றது. துவெயிற்ஸின் எண்கள் அரைப்பங்கு எண்ணாயும் அரைப்பங்கு பெயராயும் நின்றன. அதனாலேயே அவை பெரும்பயன் தந்தன. அதனாலேயே பெருமயக்கமும் தந்தன. அவர் பறித்த செடிகள் இன்றும் பேராதனையிலே உலர்ந்த தாள்களில் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஆராய்வோர் ஒவ்வொரு தாளையும் தனித்தனி நோக்கி, இது எம்மலையில் எந்நாளிற் பறித்தது எனப் பிரித்தறிந்து வருகின்றனர். அன்று ஒரு வரி எழுதாது விட்டதை இன்று ஒரு வாழ்நாள் செலவிட்டுத் தேடவேண்டியிருக்கின்றது. இன்று எண்ணிடுவோர் அவ்வொரு வரியை எழுதிவைப்பாராயின், நாளை வருவோர் அவ்வாழ்நாளைப் பிறிதொரு நற்செயலுக்குப் பயன்படுத்துவர்.